அஸ்தாலின் மட்டும் போதாதா? ஆஸ்துமா சிகிச்சையில் மாறியிருப்பது என்ன

கேட்கப்பட்டது இது: "தங்கைக்கு 29 வயது. பள்ளிக்கூட நாளிலிருந்தே வீசிங் உண்டு. பத்து வருடமாக நீல நிற அஸ்தாலின் பம்ப் மட்டும்தான், வாரத்தில் மூன்று நான்கு நாள் அடிப்பாள். போன மழைக்காலத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கேஸ் வைத்து, ஐந்து ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது பார்க்கும் மருத்துவர் அஸ்தாலினை எடுத்துவிட்டு ஃபோராகார்ட் 200 எழுதியிருக்கிறார். தினமும் காலை ஒன்று, இரவு ஒன்று, இழுப்பு வந்தாலும் இதையே அடிக்கச் சொல்கிறார். மருந்துக்கடையில் 'இது ஸ்டீராய்டும்மா, பழகிடும்' என்றார்களாம். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போட்டால் போதும் என்றும் எங்கோ படித்தேன். எதைக் கேட்பது?"

மருத்துவர் எழுதியது சரியான மருந்து. உங்கள் தங்கைக்குச் சில வருடம் முன்பே அது கிடைத்திருக்க வேண்டும். ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகம் முழுவதும் பின்பற்றப்படும் வழிகாட்டுதலை வெளியிடுகிற ஜினா அமைப்பு, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சால்புட்டமால் மட்டும் கொடுத்து வைத்தியம் பார்ப்பதை இனிப் பரிந்துரைக்க மாட்டோம் என்று 2019 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது. அஸ்தாலின் பம்ப்பில் இருப்பது சால்புட்டமால்தான். 2024 நவம்பரில் வந்த பிரிட்டிஷ் கூட்டு வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி போய், எந்த வயது ஆஸ்துமாக்காரருக்கும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு இல்லாமல் அந்த மருந்தைத் தனியாக எழுதக் கூடாது என்றது.

ஏன் என்று புரிந்தால்தான் உங்கள் தங்கை இதை நம்பி எடுப்பார். இழுப்பு வரும்போது மூச்சுக்குழாயில் இரண்டு காரியம் நடக்கிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது. உட்புறச் சவ்வு வீங்கி, கெட்டிச் சளி சுரந்து, மிச்சமிருக்கிற வழியையும் அடைக்கிறது. சால்புட்டமால் முதலாவதை மட்டும் கவனிக்கும். ஐந்து நிமிடத்தில் தசை தளரும், மூச்சு வரும், நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். வீக்கமும் சளியும் இருந்தபடியே இருக்கும். இழுப்பு அடங்கிவிட்டதால் நோயும் அடங்கிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அதோடு போவதில்லை. சால்புட்டமாலைத் தினமும் அடித்துக்கொண்டிருந்தால் ஒன்றிரண்டு வாரத்திலேயே தசையில் அந்த மருந்தை வாங்கிக்கொள்ளும் பீட்டா ஏற்பிகள் மந்தப்படுகின்றன. தூசிக்கும் குளிருக்கும் குழாய் முன்னைவிட அதிகமாகச் சிலிர்த்துக்கொள்கிறது. உயிர்போகிற நேரத்தில் அதே பம்ப் பழையபடி கேட்பதில்லை. ஸ்வீடன் நாட்டு மருந்துப் பதிவேடுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், வருடத்துக்கு 3 கேனிஸ்டர் (பம்ப்பின் மருந்துக் குப்பி) அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களுக்குக் கடுமையான இழுப்பும் இறப்பும் கூடுதலாக இருந்தன. எண்ணிக்கை ஏற ஏற ஆபத்தும் ஏறியது. ஒரு கேனிஸ்டரில் 200 பஃப் இருக்கும். வருடத்துக்கு மூன்று என்றால் நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்றரைப் பஃப்புக்குச் சற்று மேல், இரண்டுகூட வராது. "நான் அதிகம் அடிப்பதில்லை" என்று நினைக்கிற பலர் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள்தான். தங்கை போன வருடம் எத்தனை நீல பம்ப் வாங்கினார் என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் கணக்கு அதுதான்.

மறுபக்கம், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு என்ன செய்கிறது? கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகளின் மருந்துக் கணக்கைத் துருவி 2000-இல் வெளியான ஆய்வு, குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலரில் வருடத்துக்கு ஒரு கேனிஸ்டர் கூடுதலாக எடுத்தாலே ஆஸ்துமா இறப்பு 21% குறைந்ததைக் காட்டியது. இந்தியாவுக்கு இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13% பேர்தான் இங்கே, ஆனால் ஆஸ்துமா இறப்புகளில் 40%-க்கும் மேல் இங்கே நடக்கின்றன என்கிறது உலக நோய்ச்சுமை மதிப்பீடு. இவற்றில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடிய இறப்புகள் என்பதுதான் மனதை அறுக்கிறது.

அப்படியானால் ஸ்டீராய்டு இன்ஹேலரை ஏன் எல்லோரும் ஒழுங்காக எடுப்பதில்லை? அடித்தவுடன் எதுவும் தெரிவதில்லை, அதனால்தான். நீல பம்ப் ஐந்து நிமிடத்தில் பலன் காட்டுகிறது. ஸ்டீராய்டு நாள்கணக்கில் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்தால் கை எதைத் தேடிப்போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தினமும் எடு, தினமும் எடு என்று அறிவுரை சொல்லியே பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. கடைசியில் ஆய்வாளர்கள் நோயாளியின் பழக்கத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டு, மருந்தை மாற்றினார்கள். உடனே மூச்சு விடவைக்கும் பம்ப்புக்குள்ளேயே ஸ்டீராய்டையும் வைத்துவிட்டால், ஒவ்வொரு தடவை நிவாரணம் தேடும்போதும் வீக்கத்துக்கும் மருந்து போய்ச் சேரும்.

இதற்கு ஒத்துவந்த மருந்து ஃபார்மோட்டெரால். சால்புட்டமால் மாதிரியே ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் வேலையைத் தொடங்கி, 12 மணி நேரம் நிற்கும். அதோடு புடசோனைட் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்ததுதான் ஃபோராகார்ட் வகை மருந்து. 2018-இல் வெளியான சிக்மா 1 ஆய்வில் லேசான ஆஸ்துமா உள்ள 3,849 பேர் பங்கேற்றார்கள். தேவைப்படும்போது மட்டும் இந்தக் கூட்டு மருந்தை எடுத்தவர்களுக்கு, தேவைப்படும்போது டெர்புட்டலின் மட்டும் எடுத்தவர்களைவிடக் கடுமையான இழுப்பு 64% குறைந்தது. (டெர்புட்டலின் என்பது சால்புட்டமாலின் பங்காளி.) தினமும் ஸ்டீராய்டு எடுத்த மூன்றாவது குழுவோடு ஒப்பிட்டால் இவர்கள் உள்ளிழுத்த ஸ்டீராய்டு ஆறில் ஒரு பங்குதான். அடுத்த வருடம் வந்த நாவல் ஸ்டார்ட் ஆய்வு, நோயாளிக்கு எந்த மருந்து என்று மறைக்காமல் அன்றாட வாழ்க்கையில் எப்படி எடுப்பார்களோ அப்படியே விட்டுப் பார்த்தது. மொத்தம் 675 பேர், மூன்று குழு. ஒரு வருடத்தில் வந்த கடுமையான இழுப்புகள்: சால்புட்டமால் மட்டும் எடுத்த குழுவில் 23, தினமும் புடசோனைட்டும் தேவைக்குச் சால்புட்டமாலும் எடுத்த குழுவில் 21, கூட்டு மருந்தைத் தேவைக்கு மட்டும் எடுத்த குழுவில் 9.

குறைந்த ஸ்டீராய்டில் எப்படி இவ்வளவு பலன்? நேரம்தான் காரணம். பெரிய இழுப்பு திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. சளி பிடிக்கிறது, இரவில் இருமல் வருகிறது, மாடிப்படி ஏறினால் இரைக்கிறது. இப்படி ஒன்றிரண்டு வாரம் வளர்ந்துதான் ஆஸ்பத்திரி வரைக்கும் போகிறது. அந்த நாட்களில் பம்ப்பை எடுப்பது தானாகவே கூடும். ஒவ்வொரு பஃப்பிலும் ஸ்டீராய்டு இருந்தால், வீக்கம் ஏறுகிற அதே நாட்களில் ஸ்டீராய்டின் அளவும் யாரும் சொல்லாமலேயே ஏறிவிடும். நீல பம்ப் அதே நாட்களில் அறிகுறியை மட்டும் மறைத்து வைக்கிறது.

உங்கள் தங்கைக்கு வாரத்தில் மூன்று நான்கு நாள் தொந்தரவு, வருடத்தில் இரண்டு கடும் இழுப்பு. இந்த நிலையில் தேவைக்கு மட்டும் அடிப்பது போதாது என்று முடிவெடுத்து, தினமும் இரண்டு வேளையும் சேர்த்து எழுதியிருக்கிறார் மருத்துவர். நோய் இதைவிடக் கடுமையாக இருந்தால் வேளைக்கு இரண்டு பஃப் ஆக்குவார்கள். லேசாக இருந்தால் தினசரி வேளையே வேண்டாம், தேவைக்கு மட்டும் போதும். எல்லாப் படியிலும் பம்ப் ஒன்றுதான். இந்த முறையின் பெரிய வசதியே அதுதான்.

இனி அந்த ஸ்டீராய்டு பயம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபோராகார்ட் 200 என்றால் ஒரு பஃப்பில் புடசோனைட் 200 மைக்ரோகிராம், ஃபார்மோட்டெரால் 6 மைக்ரோகிராம். நாளைக்கு இரண்டு பஃப், 400 மைக்ரோகிராம். வருடம் முழுக்க ஒரு நாள் விடாமல் எடுத்தாலும் 146 மில்லிகிராம். போன மழைக்காலத்தில் கொடுத்த மாத்திரை பெரியவர்களுக்கு வழக்கமான பிரட்னிசலோன் 40 மில்லிகிராம் என்றால், ஐந்து நாளில் 200, இரண்டு தடவைக்கு 400 மில்லிகிராம் ரத்தத்தில் கலந்தாயிற்று. மில்லிகிராமுக்கு மில்லிகிராம் புடசோனைட் வீரியமானது, அதனால் இது எடைக் கணக்கு மட்டுமே. ஆனால் அது நேராக மூச்சுக்குழாயில் படிகிறது, தொண்டை வழியாக வயிற்றுக்குப் போகிற பங்கில் சுமார் 90% கல்லீரலிலேயே சிதைந்துவிடுகிறது. உடம்பைப் பாதிப்பது அந்த மாத்திரைக் கோர்ஸ்கள்தான். வாழ்நாளில் நான்கைந்து கோர்ஸ் ஆகிவிட்டாலே சர்க்கரை நோய், எலும்புத் தேய்மானம், கண்புரை ஆகியவற்றின் வாய்ப்பு கூடுவது பதிவாகியிருக்கிறது. கடைக்காரர் பயந்த பொருள் உண்மையில் ஆபத்தானதுதான், அது இருந்தது மாத்திரை அட்டையில். அந்த மாத்திரை இனித் தேவைப்படாமல் இருக்கத்தான் இந்த பம்ப்.

"பழகிடும்" என்பதும் அப்படித்தான். புடசோனைட் போதைப் பொருள் இல்லை. நிறுத்தினால் தொந்தரவு திரும்புவதற்குக் காரணம், ஆஸ்துமா என்ற நோய் உள்ளே இருப்பதுதான். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுகிற மாதிரி. உண்மையான பக்கவிளைவுகள் என்றால், வாயில் வெண்படலம் படர்வதும் குரல் கம்முவதும். தினசரி வேளைக்குப் பிறகு வாய் கொப்பளித்து, தொண்டை வரை தண்ணீரை உருட்டித் துப்பிவிட்டால் இரண்டும் பெரும்பாலும் வராது. பல் தேய்க்கும் முன் அடித்துக்கொள்வது சுலபமான ஏற்பாடு. பஸ்ஸில் போகும்போது இழுப்புக்காக ஒரு பஃப் அடித்துவிட்டுத் தண்ணீர் இல்லையே என்று தவிக்க வேண்டாம்.

எத்தனை தடவை அடிக்கலாம்? இழுப்பு வந்தால் ஒரு பஃப். சில நிமிடம் பார்த்து, அடங்காவிட்டால் இன்னொன்று. ஒரே சமயத்தில் 6-க்கு மேல் வேண்டாம். காலை, இரவு வேளையையும் சேர்த்து ஒரு நாளின் உச்சவரம்பு 12. அது உச்சவரம்பு மட்டுமே, தினமும் அந்தப் பக்கம் போகிறதென்றால் ஏதோ சரியில்லை. வழக்கத்தைவிட அதிகமாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தேவைப்பட்டாலே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஒரு கேனிஸ்டரில் 120 பஃப், தினசரி வேளைக்கே இரண்டு மாதத்தில் தீரும். மீதியை பம்ப்பின் எண்காட்டியில் பாருங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கம் தவறு. மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே வாயு இருக்கும், அடித்தால் சத்தமும் வரும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "எல்லாக் கூட்டு மருந்தும் ஒன்றுதான்" என்று நினைத்து செரோஃப்லோவை இதே மாதிரி அடிக்கக் கூடாது. அதில் இருப்பது சால்மெட்டெரால், வேலை தொடங்கவே பத்து முதல் இருபது நிமிடம் ஆகும். இழுப்பு நேரத்தில் அது கைகொடுக்காது. அதை எடுக்கிறவர்களுக்கு அவசரத்துக்குத் தனியாகச் சால்புட்டமால் வேண்டும். ஃபோராகார்ட்டிலும் 400 என்ற அளவு நிவாரணத்துக்கானது இல்லை. கடையில் 200 இல்லையென்று 400-ஐக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஃபார்மோட்டெராலை ஸ்டீராய்டு இல்லாமல் தனியாக எடுப்பதும் ஆஸ்துமாவில் கூடவே கூடாது.

மருந்தைவிடப் பெரிய பிரச்சினை கைப்பழக்கம். நோயாளிகளில் 70 முதல் 80% வரை இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்று ஜினாவே சொல்கிறது. அதில் பலருக்குத் தாங்கள் தவறாகச் செய்வதே தெரியாது. பம்ப் புதிதாக இருந்தால், அல்லது ஒரு வாரத்துக்கு மேல் தொடாமல் இருந்தால், நன்றாகக் குலுக்கி இரண்டு பஃப் காற்றில் அடித்துவிட வேண்டும். பிறகு நேராக உட்கார்ந்து, பம்ப்பை வாயிலிருந்து விலக்கி வைத்து, மூச்சை முழுக்க வெளியே விடுவது. வாய்ப்பகுதியைப் பற்களுக்கிடையே வைத்து உதட்டால் இறுக்க மூடுவது. மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கி, தொடங்கிய அந்த நொடியில் ஒரே ஒரு அழுத்து. இழுப்பதை நிறுத்தாமல் மூன்று நான்கு நொடி நிதானமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி, மெல்ல விடுவது. அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி, மறுபடி குலுக்கல். முதலில் அழுத்திவிட்டுப் பிறகு இழுப்பது, வெடுக்கென்று வேகமாக இழுப்பது, ஒரே மூச்சில் இரண்டு அழுத்து அழுத்துவது, இந்த மூன்றும்தான் அடிக்கடி காணும் தவறு. மூன்றிலும் மருந்து தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். நாக்கில் மருந்து கசக்கிறது, வாயோரத்தில் புகை தெரிகிறது என்றால் அதுதான் நடக்கிறது.

பம்ப்பின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் வாங்கிக் கொடுங்கள். பெரியவர்களுக்கு எதற்கு என்று கேட்பார்கள், ஆனால் கைக்கும் மூச்சுக்கும் தாளம் சேராத குறையை அந்தப் பிளாஸ்டிக் குப்பி ஒன்றே தீர்த்துவிடுகிறது. தொண்டையில் படிவதும் குறையும். ஒரு பஃப் அடித்தால் உடனே இழுத்துவிட வேண்டும், உள்ளே காத்திருக்க விட்டால் மருந்து சுவரில் படிந்துவிடும். மாதம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, மருந்தைச் சுவரே இழுத்துக்கொள்ளும்.

பம்ப்புக்குப் பதில், கேப்சூலில் உள்ள பொடியை இழுக்கும் ரோட்டாஹேலர் கருவியைக் கொடுத்திருந்தால் மூச்சின் முறை நேர்மாறு. கேப்சூலின் கண்ணாடி மாதிரித் தெரியும் முனை கீழே இருக்கும்படி செருகி, அடிப்பாகத்தைத் திருகி உடைத்து, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். கருவிக்குள் மூச்சை விட்டால் பொடி ஈரமாகிக் கட்டியாகிவிடும். இழுத்த பிறகு திறந்து பாருங்கள், பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுங்கள். மழைக்காலத்தில் கேப்சூலைப் புட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள். கடும் இழுப்பில் பொடியை வேகமாக இழுக்க முடியாமல் போகலாம், அந்த நேரத்துக்கு பம்ப்பும் ஸ்பேசரும் வீட்டில் இருப்பது நல்லது.

ஆபத்து அடையாளங்களை வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் பேச முடியவில்லை, கழுத்துத் தசை உள்ளிழுக்கிறது, உதடு நீலம் பூக்கிறது, குழப்பமோ தூக்கக்கலக்கமோ வருகிறது, விரல் ஆக்சிமீட்டரில் 92-க்குக் கீழே காட்டுகிறது. இவற்றில் ஒன்று போதும், கிளம்பிவிடுங்கள், வழியிலேயே மருந்தைத் தொடரலாம். விசில் சத்தம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். மூச்சுத் திணறல் குறையாமல் சத்தம் மட்டும் நின்றால், சத்தம் எழுப்பக்கூடக் காற்று போகவில்லை என்று பொருள். கையில் பழைய நீல பம்ப் மட்டும்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் அதையே அடிக்கலாம். உயிர் காக்கும் நேரத்தில் சால்புட்டமால் நல்ல மருந்துதான், தனியாக வருடக்கணக்கில் எடுப்பதுதான் தப்பு.

"கேஸ் வைத்தால்தான் அடங்கும்" என்ற நம்பிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. மிதமான இழுப்பில், சால்புட்டமாலை ஸ்பேசர் வழியாக 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 4 முதல் 10 பஃப் கொடுப்பது நெபுலைசர் அளவுக்கே வேலை செய்கிறது. நெபுலைசரின் புகைதான் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஸ்டீராய்டு கொடுத்தாயிற்றா, ஆக்சிஜன் எவ்வளவு, வீட்டுக்கு அனுப்பும்போது தினசரி எடுக்க ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதினீர்களா? டெரிஃபிலின் ஊசியை இன்னும் வழக்கமாகப் போடும் இடங்கள் உண்டு. அதில் இருக்கும் தியோஃபிலின் வகை மருந்தை நரம்பில் செலுத்துவது இழுப்புக்குக் கூடுதல் பலன் தருவதில்லை, இதயத் துடிப்பைக் குலைக்கும். வழிகாட்டுதல்கள் அதை விலக்கிவிட்டன.

இப்போது அந்த ஊசி. நீங்கள் படித்தது பெரும்பாலும் டெபெமோகிமாப் பற்றியதாக இருக்கும். ரத்தத்தின் வெள்ளையணுக்களில் ஈஸினோஃபில் என்று ஒரு வகை உண்டு. அதை வளர்க்கும் இன்டர்லூகின் 5 என்ற சமிக்ஞையை இந்த ஊசி கட்டிப்போடுகிறது. 26 வாரத்துக்கு ஒரு ஊசி. 2024-இல் வெளியான இரண்டு ஸ்விஃப்ட் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் கடும் இழுப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. இதே குடும்பத்தில் மெபோலிசுமாப் 4 வாரத்துக்கு ஒன்று, பென்ராலிசுமாப் முதல் மூன்று ஊசிக்குப் பிறகு 8 வாரத்துக்கு ஒன்று. அடுத்தடுத்த சமிக்ஞைகளைத் தடுக்கும் டுபிலுமாப், டெசெபெலுமாப் ஆகியவையும் வந்துவிட்டன. எனக்கு இவற்றில் மிகவும் முக்கியமாகப் படுவது 2024 கடைசியில் வெளியான அப்ரா ஆய்வு. ஆஸ்துமாவோ சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ உள்ள 158 பேர், இழுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, ஈஸினோஃபில் கூடியவர்கள். சிலருக்கு வழக்கமான பிரட்னிசலோன், சிலருக்கு ஒரே ஒரு பென்ராலிசுமாப் ஊசி 100 மில்லிகிராம், மாத்திரையோடோ இல்லாமலோ. 90 நாளில் சிகிச்சை பலிக்காமல் போனது மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 74%, ஊசி போட்டவர்களில் 45%. கடும் இழுப்பின் சிகிச்சை பல பத்தாண்டுகளாக அசையாமல் நின்ற இடம், அது அசைந்திருக்கிறது. பெரிய ஆய்வுகளில் உறுதியான பிறகுதான் எல்லா ஆஸ்பத்திரிக்கும் வரும்.

ஆனால் உங்கள் தங்கைக்கு இப்போது இந்த ஊசி எதுவும் வேண்டாம். உண்மையிலேயே கடும் ஆஸ்துமா உள்ளவர்கள் ஆஸ்துமாக்காரர்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவுதான் என்று நெதர்லாந்து ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதிக மருந்து எழுதப்பட்டும் அடங்காத மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை பம்ப் அடிக்கும் முறையிலோ, எடுக்காமல் விடுவதிலோ இருந்தது. பத்து வருடம் ஸ்டீராய்டு இன்ஹேலரே பார்க்காத ஒருவருக்கு அதை ஒழுங்காகக் கொடுத்துப் பார்க்காமல் விலையுயர்ந்த ஊசிக்குப் போவதில் நியாயமில்லை.

ஈஸினோஃபில் எண்ணிக்கையைச் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பார்க்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்த நாட்களில் பார்த்தால் எண் பொய்யாகக் குறைந்து காட்டும். நம் பக்கத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். எண்ணிக்கை 3,000-க்கும் மேலே போய், இரவில் விடாத இருமலும் இழுப்பும் இருந்தால், அது ஆஸ்துமாவே இல்லாமல் யானைக்கால் புழுவுக்கு உடல் காட்டும் எதிர்வினையாக இருக்கலாம். வெப்பமண்டல ஈஸினோஃபிலியா என்று அதற்குப் பெயர். 1940-இல் இந்த நோயைக் காசநோயிலிருந்து பிரித்து எழுதியவர்கள் மதனப்பள்ளி ஆரோக்கியவரம் சானடோரியத்து மருத்துவர்கள். அதற்கு மருந்து டைஎதில்கார்பமசின், மூன்று வாரம். அந்த நோயாளிக்கு இன்ஹேலரை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. குடற்புழுவும் எண்ணிக்கையைக் கூட்டும். ஆஸ்துமாவோடு பழுப்புச் சளிக்கட்டிகள் வந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை ஒவ்வாமை இருக்கிறதா என்று அறிய, ரத்தத்தில் ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளின் அளவைப் பார்க்க வேண்டும்.

குழந்தைகளுக்கும் இந்த மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. நியூசிலாந்தில் 5 முதல் 15 வயதுள்ள 360 பிள்ளைகளிடம் நடத்தி 2025-இல் வெளியான கேர் ஆய்வில், தேவைக்குச் சால்புட்டமால் எடுத்தவர்களைவிட, தேவைக்குக் குறைந்த அளவு புடசோனைட்-ஃபார்மோட்டெரால் எடுத்தவர்களுக்கு இழுப்பு 45% குறைந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்த முறையை நீங்களாகக் கொண்டுபோகாதீர்கள், அவர்கள் சிகிச்சை தனி.

வீட்டில் கவனிக்க வேண்டியவை சில. கொசுவத்திச் சுருள் ஒன்று எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வெளிவருவதாக அளந்திருக்கிறார்கள். மூடிய படுக்கையறையில் அது வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியும் அப்படியே. ஆஸ்பிரின், புரூஃபன் வகை வலிமாத்திரை எடுத்தபின் எப்போதாவது இழுப்பு வந்திருந்தால் அந்த வகை முழுவதையும் தவிர்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையும் சிலருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். கர்ப்பம் தரித்தால் பயந்துபோய் இன்ஹேலரை நிறுத்துகிறவர்கள் நிறைய. தாய்க்கு இழுப்பு வந்து ஆக்சிஜன் குறைவதுதான் குழந்தைக்கு ஆபத்து, புடசோனைட் தொடரலாம்.

பத்து வருடத்தில் ஒரு தடவையாவது ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சால்புட்டமால் கொடுப்பதற்கு முன்னும், 15 நிமிடம் கழித்தும் ஊதவைத்து, முதல் நொடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். ஃபோராகார்ட் தொடங்கியாயிற்று என்பதால், பரிசோதனைக்கு முன் எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும், வழக்கமாக 24 மணி நேரம். புது மருந்து தொடங்கி ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி காட்டுங்கள். மூன்று மாதம் தொந்தரவில்லாமல் போனால் தினசரி வேளையைக் குறைப்பது பற்றி மருத்துவரே பேசுவார். போகும்போது பம்ப்பையும் ஸ்பேசரையும் கையோடு எடுத்துப் போகட்டும். அவர் முன்னால் ஒரு பஃப் அடித்துக் காட்டி, சரியா என்று கேட்கச் சொல்லுங்கள்.